சாவித்ரியின் எடையும் நான்கு ஸ்பிரிங்குகளும்

சாவித்ரியின் எடை எவ்வளவு என்று எழுத வேண்டிய இடத்தில் அச்சுதனின் பேனா நின்றுவிட்டது.

நின்ற இடம் பூனாவை ஒட்டிய கசார்வாடி. பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடைக்கும் வெல்டிங் கடைக்கும் நடுவில் ஆரோக்கியசாமியின் பட்டறை இருந்தது. மலையேறும் வண்டிகளைத் தூக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். தூக்குவது என்றால், வண்டியின் அடியில் நான்கு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றைவிட நீளமானவற்றைப் போட்டு, வண்டியின் வயிறு கல்லில் இடிக்காதபடி இரண்டு அங்குலம் உயர்த்தி நிறுத்துவது. அச்சுதன் கொண்டுவந்திருந்தது ஒரு பச்சை நிற ஜீப். வேறொருவரிடம் மூன்று வருடம் ஓடிவிட்டு, போன மாதம்தான் இவரிடம் வந்திருந்தது.

எத்தனை அங்குலம் என்று முடிவு செய்துகொண்டுதான் அச்சுதன் வந்தார். ஆனால் ஆரோக்கியசாமி அதைக் கேட்கவே இல்லை.

"எல்லாரும் இன்ச் கணக்குதான் சார் பேசுவாங்க. அது பெரிய விஷயமே இல்ல. வண்டியில எப்பவும் எவ்வளவு கனம் இருக்கும், அதைச் சொல்லுங்க."

ஸ்பிரிங்கில் மூன்று வகை உண்டு என்று அவர் விளக்கினார். சாஃப்ட், மீடியம், ஹார்டு. கனம் அதிகமாக ஏற்றுகிற வண்டிக்கு சாஃப்ட் போட்டால் தூக்கிய உயரமெல்லாம் உட்கார்ந்துபோகும். கனமே இல்லாத வண்டிக்கு ஹார்டு போட்டால் முதுகெலும்பு வாய்வழியாக வெளியே வரும். ஆகவே யார் யார் உட்காருவார்கள், எங்கே உட்காருவார்கள், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் சரியான ஸ்பிரிங் எடுக்க முடியும்.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒரு மொத்தத்தைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அச்சுதன் கட்கியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருப்பவர். ஒரு திருகாணி தலைமுடி அளவு தடித்திருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மெக்கானிக் தன்னிடம் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. பையிலிருந்து தாளை எடுத்துக் கட்டம் போட்டார். ஓட்டுநர் இருக்கை, தான், எழுபத்தாறு. பின் இருக்கை, மகள் தீப்தி, ஐம்பத்தொன்று. ஜிம்மிலிருந்து வந்ததும் தினமும் அவளே அறிவிப்பாள். கருவிப் பெட்டி பதினைந்து. சாமான்கள் இருபது. முன் இடது இருக்கை, சாவித்ரி.

அங்கேதான் பேனா நின்றது.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் முடியப் போகிறது. சாவித்ரியின் இரத்த வகை அவருக்குத் தெரியும். செருப்பின் அளவு தெரியும். எந்தக் கடைவாய்ப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும் என்பதுகூடத் தெரியும். எடை தெரியாது. கேட்கலாமா என்று போனை எடுத்தார். சிஞ்ச்வட்டில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர் அவள். பதினோரு மணிக்கு, கவுண்டருக்கு முன்னால் கூட்டம் நிற்கும் நேரத்தில், கணவன் போன் செய்து எடை கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தார். போனை உள்ளே வைத்தார்.

அப்போது ஒரு பத்திரம் நினைவுக்கு வந்தது. மருத்துவக் காப்பீட்டுக்காக அவளே கைப்பட நிரப்பிய படிவம். அதில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. எழுத்தில் இருப்பதை நம்புகிற மனிதர் அச்சுதன். ஐம்பத்தெட்டு என்று எழுதி, கூட்டி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நான்கு பக்கமும் மீடியம் போதும் என்றார் ஆரோக்கியசாமி.

ஞாயிற்றுக்கிழமை காலை, நிக்டியில் அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே பதினான்காம் எண் இடத்தில் ஜீப் கம்பீரமாக நின்றது. சாவித்ரி ஏறுவதற்காக அச்சுதன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அவள் ஒரு கையால் புடவையையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். உயரம் நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு மாடிச் செடிகூடத் தெரிகிறது என்றாள். அவள் அந்த வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதோடு விட்டிருக்கலாம்.

அச்சுதன் ரசமட்டத்தை எடுத்தார். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் கட்டை, அதுதான். அவருடையது கொத்தனார் கட்டையைவிட இரண்டு மடங்கு நீளமானது. சொந்த உபயோகத்துக்காக வாங்கி, பிறந்த நாள் சட்டைபோல உறையில் போட்டு வைத்திருந்தார். அதை வண்டியின் முன் பம்பர் மேல் குறுக்காக வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடி நின்றது. அதாவது வண்டி இடப்பக்கம் இறங்கியிருக்கிறது. இடது முனைக்கு அடியில் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, குமிழி நடுவுக்கு வந்ததும் தகடுகளைக் கூட்டினார்.

"என்ன பார்க்கறீங்க?" என்று மேலிருந்து கேட்டாள் சாவித்ரி.

"இடது பக்கம் இருபத்து நாலு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு."

"நான் உட்கார்ந்ததாலயா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்பது ஒன்றுதான் பதில் என்பது உலகத்தில் எல்லாக் கணவர்களுக்கும் தெரியும். ஆனால் தர ஆய்வாளர் ஒருவர் சோதிக்காமல் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

"இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும்," என்றார் அச்சுதன்.

இறங்கினாள். மறுபடி ரசமட்டம், மறுபடி தகடுகள். அந்தத் தளத்தில் தினமும் வண்டிகளைத் துடைக்கும் பார்வதி, வாளியோடு வந்து, தன் முறைக்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பூனாவில். சார் அளந்து முடித்தால்தான் அவள் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற முடியும்.

அளந்து முடித்த அச்சுதனின் நெற்றியில் கோடு விழுந்தது. சாவித்ரி இறங்கியதும் வண்டி ஆறு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. மீதிப் பதினெட்டு ஏறவில்லை. ஆள் இறங்கியும் ஸ்பிரிங் எழும்பவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"நீ ஒரு தடவை உட்கார்ந்ததுக்கே ஸ்பிரிங் அமுங்கிப் போச்சு போல."

சாவித்ரி ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டாள். லிஃப்ட் திறந்துதான் நின்றது; அதில் ஏறாமல் மூன்று மாடியும் படியிலேயே ஏறிப் போனாள். அன்று மத்தியானம் வீட்டில் முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை.

திங்கட்கிழமை மாலை அச்சுதன் கசார்வாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஆரோக்கியசாமி வண்டிக்கு எதிரே பத்தடி தள்ளிப் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தனக்கு நேராகத்தான் தெரிகிறது என்றார். கண் ஓர் அளவுகோல் ஆகாது என்று அச்சுதன் சொன்னார். சரி, அந்தக் கட்டையை இங்கேயும் வைத்துப் பாருங்கள் என்றார் ஆரோக்கியசாமி. அச்சுதன் பட்டறையின் தரையைப் பார்த்தார். எண்ணெய் ஊறிய மண்ணும் ஜல்லியும் டயர் தடமுமாகக் கிடந்தது. அங்கே ரசமட்டத்தை உறையிலிருந்து எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

முப்பது வருட அனுபவத்தில் ஆரோக்கியசாமி இரண்டு பேரோடு வாதம் செய்வதில்லை என்று வைத்திருந்தார். ஒருவர் போலீஸ்காரர். இன்னொருவர் வீட்டிலிருந்து அளக்கிற சாமான் கொண்டுவருகிறவர். இடது பக்கம் இரண்டுக்கும் ஹார்டு போட்டுவிடலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். பிறகு கையைத் துணியில் துடைத்தபடி, மெதுவாக, அந்த ஐம்பத்தெட்டு அம்மா சொன்னதா, நீங்களாகப் போட்டதா என்று விசாரித்தார். அவள் கைப்பட எழுதிய பத்திரத்தில் இருப்பது என்றார் அச்சுதன். எந்த வருடத்துப் பத்திரம் என்று கேட்டார் ஆரோக்கியசாமி. ஒன்பது வருடம் ஆகிறது.

"என் வீட்லயும் ரேஷன் கார்டுல வயசு முப்பத்திரண்டுதான் சார் இருக்கு," என்றார் ஆரோக்கியசாமி.

ஹார்டு ஸ்பிரிங் வந்து, இடது பக்கம் மாட்டியும் ஆகிவிட்டது. அதைச் சோதிக்க வேண்டுமானால் முன் இடது இருக்கையில் ஐம்பத்தெட்டு கிலோ இருக்க வேண்டும். சாவித்ரியைக் கூப்பிடும் நிலைமை வீட்டில் இல்லை. அச்சுதன் முப்பது கிலோ கோலம் ரக அரிசி மூட்டை இரண்டு வாங்கிவந்தார். ஒன்றிலிருந்து சரியாக இரண்டு கிலோவைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடுத்து டப்பாவில் கொட்டினார். மூட்டைகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, இருக்கையில், ஒரு மனுஷி உட்காரும் விதத்தில், ஒன்றை அடியிலும் ஒன்றை முதுகுப் பக்கமாகச் சாய்த்தும் வைத்தார். பம்பர் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.

அந்த நிமிடம் அவர் அடைந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு ராத்திரிதான்.

மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்பினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி வலப்பக்கமாக, காது கேளாதவர் பக்கத்திலிருப்பவரிடம் தலை சாய்ப்பதுபோலச் சாய்ந்துகொண்டு ஓடியது. பிம்ப்ரி சிக்னலில் ஒரு ரிக்ஷாக்காரர் கண்ணாடியைத் தட்டி, டயரில் காற்று இல்லை சாஹேப் என்று மராத்தியில் எச்சரித்தார். காற்று இருக்கிறது, மனைவிதான் இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது என்று அச்சுதனுக்குத் தெரியவில்லை. யூ டர்ன் எடுத்து வீட்டுக்கு வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். இருக்கையில் கனம் உட்கார்ந்ததும் பெல்ட் போடச் சொல்லி வண்டி விடாமல் கத்தத் தொடங்கியது. மூட்டைகளுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

தொழிற்சாலையின் வாசலில் காவலர் வண்டியை நிறுத்தினார். அது பாதுகாப்புத் துறை வளாகம். மூட்டை எதுவாக இருந்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். அரிசிதான் என்றார் அச்சுதன். அரிசியாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் காவலர், மிகுந்த மரியாதையோடு. படிவத்தில் ஐந்து கட்டம் இருந்தது. பொருள், அளவு, எங்கிருந்து, எங்கே, என்ன காரணத்துக்காக. முதல் நான்கையும் அச்சுதன் மளமளவென்று நிரப்பினார். ஐந்தாவதில் நியாயமாக என்ன எழுதலாம் என்று யோசித்துவிட்டு, அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதும் வழக்கம் இல்லாததால், இந்தியில் சுருக்கமாக, 'மனைவிக்குப் பதிலாக' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

காவலர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து நின்று, ஒரு நொடி தயங்கி, சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

தங்கராஜ் அதே பிரிவில் வேலை பார்ப்பவர், சாங்வியில் குடியிருப்பவர். வண்டி நிறுத்துமிடத்தில் ஜீப்பைப் பார்த்ததும், என்ன சார், மூட்டை இருந்தும் வலது பக்கம் சாய்கிறதே என்று கேட்டார். மூட்டையை ஏற்றியும் சாய்வு முழுதாக நிமிரவில்லை என்பதை அச்சுதனும் வழியெல்லாம் உணர்ந்துகொண்டுதான் வந்தார். வீட்டில் நடுவில் நின்ற குமிழி இங்கே ஏன் ஒத்துழைக்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தவருக்கு, எந்த வருடத்துப் பத்திரம் என்று ஆரோக்கியசாமி கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று விளங்கியதுபோல இருந்தது.

"மூட்டை லேசா இருக்கு தங்கராஜ். சாவித்ரி இதைவிடக் கனம். அவ உட்கார்ந்தா நேராயிடும்."

தங்கராஜ் மூட்டையைப் பார்த்தார், அதன் மேல் இருந்த பெல்ட்டைப் பார்த்தார், போய்விட்டார். தங்கராஜின் மனைவி ஷீலா, சாவித்ரியின் வங்கியில் இரண்டாவது கவுண்டரில் வேலை செய்கிறாள் என்பதை அச்சுதன் மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் யோசித்தார். அதற்குள் ஷீலா சாவித்ரியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, மேடம், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, சார் உங்களுக்குப் பதிலாக அரிசி வைத்துக்கொண்டு போகிறாராமே என்று கண் கலங்கக் கேட்டிருந்தாள்.

சாவித்ரி அன்று சாயங்காலம் மேலே வரவில்லை. நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அச்சுதன் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். அவள் தன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மூட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டைக்குப் பெல்ட் போட்டுவிடத் தெரியுது," என்றாள். "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது போட்டுவிட்டிருக்கீங்களா?"

இல்லாவிட்டால் வண்டி கத்தும் என்று அச்சுதன் விளக்கினார். கத்தினால்தான் இந்த வீட்டில் கவனிப்பு கிடைக்கும் போலிருக்கிறது, தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் சாவித்ரி பஸ்ஸில்தான் வங்கிக்குப் போனாள். ஜீப் அவளைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவள் பார்க்காவிட்டால் என்ன, நிக்டி முழுக்கப் பார்த்தது. முன் இருக்கையில் பெல்ட் போட்ட மூட்டையோடு போகும் பச்சை ஜீப்பைச் சிலர் அச்சுதனின் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டத் தொடங்கினார்கள். குடியிருப்புச் செயலாளர் ஒருநாள் லிஃப்டில், கட்டடத்தில் தானிய வியாபாரம் செய்ய அனுமதி இல்லை என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

அச்சுதன் சமாதானம் செய்யாமல் இல்லை. ஒருநாள், மூட்டை அவளைவிட லேசு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்படியானால் மூட்டையும் நானும் ஒன்றா என்று கேட்டாள். இன்னொரு நாள் மூட்டைகளை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த அரிசியைத் தன் சமையலறையில் சமைக்க முடியாது என்று சாவித்ரி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை மூட்டைகள் திரும்பவும் லிஃப்டில் இறங்கி இருக்கையில் உட்கார்ந்துகொண்டன.

கடைசியில் தீப்திதான் அப்பாவை பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போதுதான் தட்டுத் தடுமாறும்.

"அப்பா, அம்மா ரொம்ப ஹர்ட் ஆயிட்டா. இந்த காடி... வண்டி உங்களுக்கு ஏன் வேணும்? நீங்க ஆஃபீஸ் போறீங்க, வரீங்க. மலை எங்க இருக்கு அதுல?"

அந்த வண்டியை அச்சுதன் எதற்கு வாங்கினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வருகிற ஒரு வியாதி என்று சாவித்ரி நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அதை மறுக்கவில்லை, காரணத்தைச் சொல்வதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. தீப்தியிடம் சொன்னார். சொல்லி முடித்தபோது பால்கனிக் கதவருகே சாவித்ரி துணிக்கூடையோடு நிற்பதைக் கவனித்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் மலைப்பாதை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மேகம் சாலைக்கு இறங்கி வந்திருந்தது. சாவித்ரி தலையை வெளியே நீட்டி, மேலே ஒரு மண்பாதை போவதைக் காட்டி, ஒருநாள் இதுக்கு மேலே போய் நின்னு, மேகத்தைக் கீழே பார்க்கணும் என்று சொன்னாள். பஸ் திரும்பியது, பாதை மறைந்தது, அவள் தூங்கிவிட்டாள். அச்சுதன் அந்த இடத்தின் மைல் கல் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டார். பிற்பாடு விசாரித்ததில், அந்தப் பாதையில் சாதாரண வண்டி ஏறாது, அடி இடிக்கும், இரண்டு அங்குலமாவது தூக்க வேண்டும் என்று தெரிந்தது. இருபத்து நான்காவது கல்யாண நாள் வரும் சனிக்கிழமை. அதற்குள் வண்டி நேராக நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. சரிவான பாதையில், சாய்ந்த வண்டியில், அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போக அவருக்குப் பயமாக இருந்தது.

சாவித்ரி துணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்ன."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

தெருமுனையில் மாவு மில் இருந்தது. கோதுமை மூட்டைகளை நிறுக்க வாசலிலேயே மேடைத் தராசு ஒன்று போட்டிருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணி. டப்பாக்களோடு பத்துப் பேராவது வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் சாவித்ரியின் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள். சாவித்ரி அவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தராசின்மேல் ஏறி நிமிர்ந்து நின்றாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. மாவு பறந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் எல்லாருக்கும் நன்றாகவே தெரிந்தது.

"எழுபத்தொண்ணு புள்ளி நாலு," என்று வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலில் படித்தாள் சாவித்ரி. "எழுதிக்குங்க."

அச்சுதன் எழுதிக்கொண்டார். அவள் இறங்கியதும் குனிந்து செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐம்பத்தெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படிவத்தைப் பற்றியும் பேசவில்லை.

எழுபத்தொன்று புள்ளி நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் ஆரோக்கியசாமி எழுந்து தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இப்படி ஓர் உண்மையான எண் இந்தப் பட்டறைக்கு இதுவரை வந்ததே இல்லை என்றார். பதிமூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறோம் என்று இருவரும் ஒருமனதாக முடிவுக்கு வந்தார்கள். அரிசிக்கே குமிழி நடுவில் நின்றதால் இந்தக் கனத்துக்கு இடப்பக்கம் மறுபடி இறங்கும் என்று கணக்குப் போட்டு, இடது ஸ்பிரிங்குகளுக்கு மேலே அதற்குத் தகுந்த வளையம் கடைந்து வைத்து, வெள்ளிக்கிழமை வேலையை முடித்துக் கொடுத்தார். வண்டியை வெளியே எடுக்கும்போது அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, கட்டை இருக்கும் உறையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்து ஆறு மணிக்குச் சாவித்ரி கீழே வந்தாள். கையில் எலுமிச்சம்பழச் சாதமும் பிளாஸ்கில் காப்பியும் இருந்தன. மழை நின்று, தரை ஈரமாக இருந்தது. அச்சுதன் ஸ்டூலைப் போட்டார். அவள் ஏறி உட்கார்ந்ததும், அவரே எட்டி, பெல்ட்டை இழுத்து, அவளுக்குக் குறுக்கே மாட்டிவிட்டார். அதுவரை வண்டி கத்தத் தொடங்கியிருக்கவில்லை. சாவித்ரி அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ரசமட்டத்தை உறையிலிருந்து எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, பம்பர் மேல் வைத்தார். குமிழி வலப்பக்கம் போனது, திரும்பியது, இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் வந்து நின்றது. ஒரு தகடுகூடத் தேவைப்படவில்லை. ஒன்றரை மாதம், மூன்று ஜதை ஸ்பிரிங், அறுபது கிலோ அரிசி, மாவு மில் வாசலில் ஓர் உண்மை. எல்லாம் சேர்ந்து கொண்டுவந்து நிறுத்திய குமிழி அது. அச்சுதனுக்குக் கண் கலங்கியது. சாவித்ரியைக் கூப்பிட்டு, நேராக இருக்கிறது, மயிரிழை பிசகில்லை என்றார்.

"என் எடைக்கா?" என்று கேட்டாள் சாவித்ரி.

"உன் எடைக்குத்தான்."

அவள் முதல்முறையாக அந்த எண்ணுக்காகச் சிரித்தாள். அச்சுதன் யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்ததால், வழக்கம்போல வாளியோடு காத்துக்கொண்டு நின்ற பார்வதியைக் கூப்பிட்டு, குமிழியைப் பார்க்கச் சொன்னார். பார்வதி குனிந்து குமிழியைப் பார்த்தாள். நிமிர்ந்து தூரத்திலிருந்து ஜீப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெய்யான ஆச்சரியம் தெரிந்தது.

"எப்படி சார் நிமித்துனீங்க? மழத்தண்ணி ஓடுறதுக்குன்னு கட்டறப்பவே இந்தத் தரைய எடப்பக்கமா சரிச்சு விட்டுட்டாங்க, பதினாலாம் நம்பர்ல எந்த வண்டி வந்து நின்னாலும் சாஞ்சுதானே நிக்கும்!"